ஞாயிற்றுக்கிழமை லோடு

என் பெயர் அஃபான். வயது இருபத்து நான்கு. மஸ்கட்டில் ரூவிக்குப் பக்கத்தில், ஏசி ரிப்பேர் கம்பெனி கொடுத்த ரூமில், மேல்கட்டிலில் உட்கார்ந்து இதை ஃபோனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று வெள்ளிக்கிழமை, லீவு. ஜும்மா தொழுகை முடிந்து மற்றவர்கள் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். நம் வீட்டுப் பேச்சில் சொன்னால் ஃபோன் எழுதத் திணறுகிறது. அதனால் நியூஸ் வாசிக்கிறவர் மாதிரி சொல்கிறேன், யாரும் சிரிக்க வேண்டாம். பெயரும் வயதும் எதற்கென்றால், இந்தக் குடும்ப குரூப்பில் என்னை நேரில் பார்த்தே இராத புது மருமகன்களும் இருக்கிறார்கள். என் அத்தா தேங்காய் மண்டி பஷீர், அம்மா கவுன்சிலர் சாஜிதா பேகம் என்றால் தெரியும்.

நேற்று பெரிய மாமா போட்ட வாய்ஸை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். பெரிய மாமா அம்மாவின் மூத்த அண்ணன். அவர் சொல்லி இந்தக் குடும்பத்தில் நடக்காத காரியம் குறைவு.

“ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு அத்தன பேரும் சாஜிதா ஊட்டுக்கு வந்துருங்க. திங்கக்கெழம மூணு மணி தாண்டுச்சுன்னா எலக்சன் மனுவ வாபஸ் வாங்க முடியாது, பேரு ஓட்டு மெஷின்ல ஏறிப்போயிரும். வியாபாரிகள் சங்கத்தப் பகைச்சுட்டு மண்டியில தேங்கா விக்க முடியுமா? அவ பிடிவாதக்காரிதான். ஆனா கூடப் பொறந்தவங்க எதுக்க உக்காந்து சொன்னா கேட்டுக்குவா.”

மாமா சொன்னது சரி. அம்மா கேட்டுக்கொள்வார். அதுதான் என் பயம். வாய்ஸைக் கேட்டவுடன் அம்மாவைக் கூப்பிட்டேன்.

“எல்லாரும் வேண்டாம்னா வாங்கிப்போடறேன் கண்ணு. அத்தன பேரு மனசையும் சங்கடப்படுத்திப்போட்டு நான் என்னத்த ஜெயிக்கறது?” என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இல்லை.

அதனால் எனக்குத் தெரிந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உங்களில் சிலருக்குச் சாக்ஸ் கதை மட்டும் தெரியும், சிலருக்கு நாற்றக் கதை மட்டும் தெரியும்.

கொன்னைக்குளம் நம் தெருவுக்குப் பின்னால் இருக்கிறது. நான் சின்னவனாக இருந்தபோது அதில் தண்ணீரைப் பார்த்ததே இல்லை, ஆகாயத்தாமரைதான். ஒரு பக்ரீதுக்கு வாங்கிக் கட்டியிருந்த ஆடு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிப்போய், அதைத் தரை என்று நினைத்து மேலே நடந்துவிட்டது. அத்தா வேட்டியோடு இறங்கி இழுத்து வந்தார். அந்த வருஷமே என் தங்கை யுஸ்ராவுக்கு டெங்கு. ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போன அந்த நாட்களில் அம்மா ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே இருந்தார். யுஸ்ரா வீடு திரும்பியதும் ஒவ்வொரு ஆபீஸாக ஏறத் தொடங்கினார். குளத்துத் தண்ணீர் மாநிலத்துக்கு, கரையும் தெருவும் மாநகராட்சிக்கு என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது.

“கொசு தண்ணியில பொறக்கறப்ப ஸ்டேட் கவர்மெண்டு. பறந்து வந்து நம்மளக் கடிக்கறப்ப கார்ப்பரேசன்,” என்று அம்மா வீட்டுக்கு வந்து சொன்னார். “ரெண்டு எடத்துலயும் நம்ம ஆளு ஒருத்தரு இருக்கோணுமுங்க.”

வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட அன்று அத்தா காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“நிக்கப்போறேனுங்க,” என்றார் அம்மா.

“எங்க?”

“எலக்சன்லதான்.”

“ஊட்டுல சோறு யாரு ஆக்கறது?”

“ஜெயிச்சா நான் ஆக்கறேன். தோத்தா நீங்க ஆக்குங்க. யோசிச்சு ஓட்டுப் போடுங்க.”

அத்தா யோசித்துத்தான் போட்டிருக்க வேண்டும்.

எதிரில் நின்றது லோகப்பிரியா அக்கா. அதாவது, திருமூர்த்தி அண்ணனின் மனைவி. லாரி புக்கிங் ஆபீஸ் திருமூர்த்தி அண்ணன்தான் அதற்கு முன்பு கவுன்சிலர். கெட்ட மனிதர் இல்லை. யுஸ்ராவுக்கு ரத்தம் தேவைப்பட்டபோது தன் ஆபீஸ் பையன்களை அனுப்பியவர். அம்மாவுக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஏனுங்க சாஜிதாக்கா, சீப்புல தலையச் சீவலாம். குளத்தச் சீவ முடியுமுங்களா?” என்று டீக்கடை முன்னால் நின்று கேட்டார்.

“அது தலையில அத்தன பேன் ஏறிக் கெடக்குதே திருமூர்த்தி. சீவித்தான் ஆகோணும்,” என்றார் அம்மா. டீக்கடையே சிரித்தது. கொஞ்ச ஓட்டில் ஜெயித்தார்.

மாமன்றத்தில் அம்மா பேசியதை நான் ஃபோனில்தான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே கேள்வி: கொன்னைக்குளத்துத் தழையை யார் எடுப்பது? எழுந்து நின்றாலே பின்வரிசையிலிருந்து குரல் வரும். “சீப்பக்கா வந்துட்டாங்க, எல்லாரும் தலையச் சீவிக்குங்க.” அம்மா அவர்கள் சிரித்து முடிக்கிறவரை காத்திருந்து, அதே கேள்வியை அதே வார்த்தைகளில் கேட்பார். கடைசியில், தன்னார்வலர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கத்திலிருந்தும் அனுமதி வந்தது. நான் மஸ்கட்டுக்கு விமானம் ஏறியது அந்த மாதம்தான்.

இனி அந்த நாற்றம். ரம்ஷாவின் கல்யாணம் என்று சொன்னாலே போதும், உங்களுக்கு மூக்கு சுருங்கும்.

தப்பு அம்மாவுடையதுதான், மறைக்கவில்லை. காலேஜ் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், எல்லோருக்கும் உற்சாகம். தண்ணீர் கண்ணுக்குத் தெரியத் தெரிய இன்னும் இழு, இன்னும் இழு என்று கரையில் குவித்துவிட்டார்கள். எடுத்த தழை எங்கே போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அனுமதி எடுப்பதற்குத்தான் இருந்தது, ஏற்றிப் போவதற்கு இல்லை. குவியல் ஈரத்தோடு கிடந்தது. மேலே ஒரு மழை. அந்த வாரத்தில்தான் பெரிய மாமாவின் மகள் ரம்ஷாவின் கல்யாண விருந்து, தெருமுனை மண்டபத்தில். ஆட்டுக்கறி பிரியாணி தம் உடைத்தபோது யாருக்கும் அதன் வாசனை தெரியவில்லையாம். மாப்பிள்ளை வீட்டார் கைக்குட்டையோடு சாப்பிட்டார்கள். பெரிய மாமா அதற்கப்புறம் வெகுநாள் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றவில்லை. மாமா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கு முழுதாகத் தெரியாது. நீங்கள்தான் எங்களோடு பேசவில்லையே.

நாற்றம் மண்டிவரை வந்தது. ஆனைமலையிலிருந்து காய் கொண்டு வரும் மாசாணியம்மாள் அன்று மண்டியில் உட்கார்ந்திருந்தார். சொந்தத் தோப்புக்காரர். காயை லாரியில் ஏற்றி, தானே முன்சீட்டில் உட்கார்ந்து வந்து, விலை பேசி முடித்துவிட்டுத்தான் எழுவார். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஏனுங்க பாய், எதாச்சும் செத்துக் கெடக்குதுங்களா?”

“எங்கூட்டம்மா குளத்தக் கிளீன் பண்ணிருக்குதுங்க,” என்றார் அத்தா.

“ஆகாயத்தாமரைங்களா? சாயப்பட்டறத் தண்ணி கலந்த குளமுங்களா?”

“அதெல்லாம் இல்லீங்க. ஊட்டுச் சாக்கடதான்.”

“அப்ப அதக் காய வெச்சுக் குடுத்தா தென்னைக்கு மூடாக்குப் போடலாமே. வேரச் சுத்திப் போட்டா ஈரம் நிக்கும். வைகாசி வெயிலுக்குத் தோப்பெல்லாம் வெடிச்சுக் கெடக்குது. ஆனா வண்டிவாடகை யாரு குடுப்பா?”

அத்தா வாசலைப் பார்த்தார். மாசாணியம்மாளின் காயை இறக்கிய லாரி நின்றிருந்தது.

“இது எப்படியும் காலியாத்தானே போவுது?” என்றார்.

அவ்வளவுதான். அம்மா அந்தத் தழையைக் கொஞ்சம் எடுத்து முதலில் பரிசோதனைக்குக் கொடுத்தார். தோப்புக்குப் போடலாம் என்று பதில் வந்த பிறகுதான் ஏற்றவிட்டார். அதிலிருந்து, பூ வைப்பதற்கு முன்னால் இழுப்பது, கரையில் மெலிதாகப் பரப்பிக் காய வைப்பது, ஞாயிற்றுக்கிழமை ஏற்றுவது என்று ஒரு முறை வந்தது. காய் இறக்கிய வண்டி தழை ஏற்றிக்கொண்டு போகிறது. டீசல் தோப்புக்காரர் பொறுப்பு. நாற்றம் நின்றது. குளத்தில் பாதிக்குமேல் தண்ணீர் தெரிகிறது. போன மாதம் அம்மா வீடியோ காலில், அந்தத் தண்ணீரில் நீந்தும் நாமக்கோழிகளைக் காட்டினார். நான் ஏசியைக் கழற்றிக்கொண்டிருந்த வீட்டின் மொட்டைமாடியில் நின்று பார்த்தேன்.

சாக்ஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். சட்டமன்றத் தேர்தலில் அம்மா ஏன் நின்றார் என்று இன்னும் கேட்கிறீர்கள். குளத்தின் தண்ணீர் மாநிலத்துடையது. மேற்கு ஓரத்தை, கோடையில் காய்ந்து கிடக்கும் பகுதியை, லாரி ஸ்டாண்டாக மாற்றலாம் என்று திருமூர்த்தி அண்ணன் பேசத் தொடங்கியிருந்தார். அதை மாநகராட்சி மட்டும் முடிவு செய்ய முடியாது. ஒரு கட்சிக்காரர் வீட்டுக்கே வந்தார். எங்கள் துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள், பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

“தழ அள்ளறப்ப துண்டு தண்ணில விழுந்துருமுங்க,” என்று அம்மா டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

சுயேச்சையாக நின்ற அம்மாவுக்கு இந்த முறை கிடைத்த சின்னம் சாக்ஸ். பெரிய மாமா அப்போது பேசத் தொடங்கியிருந்தார். பேசிய முதல் வாக்கியமே இதுதான்: “கோயமுத்தூர்ல சாக்ஸ் போடறது ஸ்கூல் பசங்க மட்டுந்தான். அவங்களுக்கு ஓட்டு இல்லியே சாஜிதா.”

டெபாசிட் போனது. ஆனால் அம்மா ஒவ்வொரு தெருமுனையிலும் குளத்தைப் பற்றி மட்டும் பேசினார். அதனால் மற்ற வேட்பாளர்களும் பேச வேண்டியதாகிவிட்டது. ஜெயித்தவர் சட்டசபையில் தன் முதல் பேச்சில், கொன்னைக்குளத்தைக் குளமாகவே காக்க வேண்டும் என்று ஒரு வரி சொன்னார். அம்மா அதை எனக்கு அனுப்பி, “இதுக்குத்தான் கண்ணு சாக்ஸ் போட்டேன்,” என்று எழுதியிருந்தார்.

ஒரு வரி சுவர் ஆகாது. லாரி ஸ்டாண்டு பேச்சு அடங்கவில்லை. இப்போது மறுபடியும் வார்டு தேர்தல். மறுபடியும் லோகப்பிரியா அக்கா. இந்த முறை வியாபாரிகள் சங்கமே ஸ்டாண்டு வேண்டும் என்கிறது. சங்கத்தில் பாதி நம் குடும்பம். மாமாக்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. மண்டித் தெருவில் லாரி நிற்க இடமில்லை, போலீஸ் அபராதம் போடுகிறது, டிரைவர்கள் சண்டை போடுகிறார்கள். அம்மா ஜெயித்தால் ஸ்டாண்டு வராது. ஸ்டாண்டு வராவிட்டால் சங்கம் அத்தா கடைக்குக் காய் வரவிடாது. இதுதானே உங்கள் பயம்?

பயப்படுவதில் உங்களைவிட நான் மேல். அம்மா கரையில் வழுக்கி விழுவார், பாம்பு கடிக்கும், போஸ்டர் ஒட்டுகிற இடத்தில் யாராவது கை வைப்பார்கள் என்று ஏணி மேல் நிற்கும்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வாபஸ் வாங்கினால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதான் புதன்கிழமைவரை நானும் நினைத்தேன். நேற்று, வியாழக்கிழமை, தல்ஹா மச்சான் ஃபோன் செய்தான்.

தல்ஹா பெரிய மாமாவின் மகன். மாமா உடுமலைப்பேட்டைக்குக் கொள்முதலுக்குப் போனதால் புதன்கிழமை சங்கக் கூட்டத்தில் அவர் இடத்தில் உட்கார்ந்தவன். மாமா, அவன் உங்களிடம் சொல்லப் பயந்து என்னிடம் சொன்னான். அவனைத் திட்டாதீர்கள்.

சங்கத் தலைவர் வரதராஜுலு ஐயாதான் பேச்சைத் தொடங்கியிருக்கிறார். அவருக்கு மண்டித் தெருவில் எல்லோரையும்விட வண்டி அதிகம்.

“பாய், நேராவே கேக்கறனுங்க. உங்கூட்டம்மா நின்னா ஸ்டேண்டு வராது. வண்டிய நாங்க எங்க நிறுத்தறது? தலைமேலயா?”

அத்தா வழக்கம்போல மெதுவாகக் கேட்டாராம். “போன ஞாயித்துக்கெழம ரோட்டுல நின்ன வண்டில என்னுது எதாச்சும் இருந்துச்சுங்களா?”

“இல்லீங்.”

“அதுக்கு முந்துன ஞாயித்துக்கெழம?”

திருமூர்த்தி அண்ணன் குறுக்கே வந்தார். “பாய்க்கு வண்டி கம்மிங்க. அதான் கண்ணுக்குத் தெரியறதில்ல.”

“கம்மி இல்ல திருமூர்த்தி. நிக்கறதில்ல. காலைல காய எறக்குது, குளத்தங்கரைக்குப் போவுது, தழைய ஏத்துது, மத்தியானச் சோத்துக்குப் பொள்ளாச்சி தாண்டிருது. மத்த வண்டியெல்லாம் ரிட்டன் லோடு கெடைக்கும்னு பொழுதுக்கும் உங்க ஆபீஸ் வாசல்லதான் நிக்குது. லோடு குடுத்தீங்கன்னா ரோடு காலியாயிரும்.”

சங்கத்தில் பெரிய சிரிப்பாம். திருமூர்த்தி அண்ணனே சிரித்துவிட்டாராம். வரதராஜுலு ஐயா மட்டும் சிரிக்கவில்லை. தன் வண்டிகளைக் கணக்குப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஞாயித்துக்கெழம எனக்கு மூணு வண்டி உடுமலைக்குத் திரும்புதுங்க. அங்க என் மச்சினன் தோப்பு இருக்குது. மூணுக்கும் தழ இருக்குமுங்களா?”

“இருக்குமுங்க,” என்றார் அத்தா.

“இருந்துச்சுன்னா ஸ்டேண்டுப் பேச்ச நான் உட்டுப்போடறேன், சங்கத்துலயும் சொல்றேன். வண்டி காலியாப் போச்சுன்னா, பாய், அதுக்கப்புறம் நீங்க பேசப்படாது.”

“சரிங்க.”

அத்தா குரூப்பில் குட் மார்னிங்கூடப் போடமாட்டார், இதை எங்கே சொல்வார். அம்மாவிடம்கூட வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாராம். யுஸ்ரா பக்கத்தில் இருந்தாள்.

“மூணு வண்டிக்குங்களா?” என்று கேட்டாராம் அம்மா. “தழ காஞ்சு கெடக்குதுங்க. ஏத்தறதுக்குக் கை எங்க இருக்குது? புள்ளைகளுக்கு செமஸ்டர். கார்ப்பரேசன் ஆளுகளக் கூப்பிட்டா தேர்தல் விதிமீறல்னு ஒடனே புகார் போவும். என்னக் கேக்காம ஏனுங்க ஒத்துக்கிட்டீங்க?”

“நீ எலக்சன்ல நிக்கறேன்னு என்னக் கேட்டா சொன்னே?” என்றாராம் அத்தா.

யுஸ்ரா இதைச் சொல்லும்போது சிரித்தாள். அப்புறம், “ஆனா ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு எல்லாரும் ஊட்டுக்கு வாராங்களேண்ணா. அம்மா அவங்கள உட்டுப்போட்டுக் குளத்துக்கு எப்படிப் போவும்?” என்று கேட்டாள்.

என் பயம் முழுவதும் இந்த ஒரு கேள்விதான். லாரிகள் ஏழு மணிக்கு வருகின்றன. ஏற்றி முடிக்கப் பதினொன்றாவது ஆகும். அந்த நேரத்தில் நம் குடும்பம் மொத்தமும் ஹாலில் உட்கார்ந்து, வாபஸ் வாங்கு, சங்கம் பகைத்துக்கொள்ளும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தப் பேச்சு நடக்கிற நேரத்திலேயே மூன்று வண்டியும் காலியாக உடுமலைக்குப் போகும். சங்கத் தலைவரே ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறார். அதை மூடுவதற்கு நாமே போய் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும்.

சூப்பர்வைசரிடம் நான் லீவு கேட்டேன். இந்தச் சீசனில் கிடையாது என்றார். என் இரண்டு கை இங்கே இருக்கிறது. குரூப்பில் எத்தனை பேர் என்று பார்த்தேன். சின்னக் குழந்தைகள், முடியாதவர்களைக் கழித்தாலும் தாராளமாக இருக்கிறோம்.

கீழே படிச்சத்தம் கேட்கிறது, ரூம்காரர்கள் வந்துவிட்டார்கள். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு, ஏழு மணிக்குக் கொன்னைக்குளத்துக் கரைக்கு வாருங்கள். பழைய துணி உடுத்தி வாருங்கள். கொடி, துண்டு, சின்னம் எதுவும் வேண்டாம், புகார் ஆகிவிடும். வேட்பாளர் வீட்டு இட்லி வாக்காளருக்குப் போகக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார், சொந்த அண்ணனுக்கும் அதே விதிதானாம். அதனால் டிபனை அவரவர் கொண்டு வரவும். காய்ந்த தழையில் நாற்றம் இல்லை பெரிய மாமா, தல்ஹா மோந்து பார்த்துச் சொன்னான். மூன்றாவது லாரி கிளம்பிய பிறகும் அம்மா வாபஸ் வாங்க வேண்டும் என்று தோன்றினால், அங்கேயே கரையில் நின்று, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொல்லுங்கள். கேட்டுக்கொள்வார்.

இதைப் படிக்கிறவர்கள், வருவதாக இருந்தால், கையுறை எந்த சைஸ் வேண்டும் என்று யுஸ்ராவிடம் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுங்கள்.